பெயர் கேட்காத விருந்து

மேய்ச்சல் மேடு,
ஜூன் 14, 1971

சல்கினாய்க்கு உன் வீட்டுக்காரன் ஜபார் எழுதுவது.

நான் நலம். குதிரைகள் நலம். அண்ணன் நலம். கலிமான் அண்ணியும் நலம் என்று எழுதினால் அவர் என்னோடு சண்டைக்கு வருவார். நீ சினிமாக்காரர்களோடு கீழே போன நாளிலிருந்து பால் கறக்கிற வேலை முழுக்க அவர் தலையில் விழுந்துவிட்டது. "அவ அங்க ராணி மாதிரி குதிரை ஓட்டுவா, நான் இங்க இடுப்பொடியக் கறக்கணுமா?" என்று பொழுது விடிந்தால் போதும், ஒரே பாட்டு. நானும் கூடமாட உதவுகிறேன். ஆம்பளை கறந்தால் குதிரை சிரிக்கும் என்கிறான் லாரிக்காரன் தோரோன்பெக். சிரித்தால்கூடப் பரவாயில்லை, உதைக்கிறது. அந்த வெள்ளைக்காலி இருக்கிறதே, உன்னைத் தவிர யாருக்கும் பால் இறக்க மாட்டேன் என்று அடம். நேற்று உன் பூப்போட்ட தலைத்துணியை எடுத்துக் கட்டிக்கொண்டு போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். முகர்ந்து பார்த்தது, இறக்கிவிட்டது. அதை அண்ணி பார்த்துவிட்டார். இனி இந்த மேடு முழுக்க எனக்கு வேறு பெயர்தான்.

சரி, அதெல்லாம் இருக்கட்டும். கெரிம்குலைப் பார்த்தாயா?

பண்ணைத் தலைவர் வந்து, ஓடுகிற குதிரையில் இருந்தபடி தரையில் கிடக்கும் காசை எடுக்கிற பெண் இந்த மாவட்டத்திலேயே உன் மனைவி ஒருத்திதான், கதாநாயகிக்குப் பதிலாகக் குதிரை ஓட்ட அவளை அனுப்பு என்று கேட்டபோது நான் ஏன் உடனே சரி என்றேன்? தலைவருக்குப் பயந்தா? கதாநாயகன் கெரிம்குல் என்று அவர் சொன்னார், அதற்காக. கணவாயிலிருந்து குதிரையை அவர் பாய விடுவாரே, அந்தப் படத்துக்காக ஆற்றில் இறங்கி மாவட்ட மன்றத்துக் கொட்டகை வரை போனவன் நான். திரும்பி வந்ததும் அவரைப் போலவே சேணத்தில் சாய்ந்து உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டது. நீதான் எண்ணெய் தேய்த்துவிட்டாய், மறந்திருக்க மாட்டாய்.

ஆகவே எல்லாவற்றையும் எழுது. எவ்வளவு உயரம்? அந்தச் சிரிப்பு நிஜமாகவே அப்படித்தானா? நம்மைப் போன்றவர்கள் கிட்டே போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வாரா? பெரிய மனிதர்கள் அப்படித்தான் என்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. பார்த்து எழுது.

ஜபார்

*

படப்பிடிப்பு முகாம்,
ஜூன் 21

என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதத்தில் என்னைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. கெரிம்குலைப் பற்றி நான்கு கேள்விகள். எண்ணிப் பார்த்தேன்.

நான் வந்த அன்றே ஒரு மானக்கேடு. சமையல் கூடாரத்துக்கு வெளியே ஒருவர் குந்தி உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். சமையல்கார அம்மாவின் ஆள் போலிருக்கிறது என்று நினைத்து, "அண்ணே, குதிரைக்குத் தண்ணி வேணும், ஒரு வாளி கொண்டாங்க" என்றேன். எழுந்து போய்க் கொண்டுவந்து வைத்தார். ஒரு வாளி போதவில்லை, இன்னொன்று கேட்டேன். அதையும் கொண்டுவந்தார். அப்போதுதான் தாடி ஒட்டுகிற பெண் ஓடிவந்து, "கெரிம்குல் அண்ணே, உங்களைத்தான் தேடிட்டிருக்கோம்" என்றாள். எனக்கு நிற்க இடம் தெரியவில்லை. அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இருக்கட்டும்மா. எல்லாரும் என்னக் கோட்டையப் புடி, எதிரிய வெட்டுன்னுதான் சொல்றாங்க. தண்ணி கொண்டான்னு சொன்ன மொத ஆளு நீதான். என்னால முடிஞ்ச வேலை."

நீங்கள் அவரை நேரில் பார்த்தால் உங்களுக்கு அடையாளம் தெரியாது. தாடி ஒட்டு, மீசை ஒட்டு, தோளுக்குள்ளே பஞ்சு. படத்தில் வருகிற குரல்கூட வேறொருவருடையதாம், இவர் குரல் மெல்லியது. சிரிப்பைக் கேட்டீர்களே, சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்கிறார். ஓரத்தில் ஒரு பல் இல்லை.

கதாநாயகி ரகியாவும் நல்லவள். என் காலணி கடிக்கிறது என்று பார்த்துவிட்டு அவளுடைய தோல் காலணியைக் கழற்றிக் கொடுத்தாள். "எனக்கு எதுக்கு? நீ ஓட்டுவ, நான் மூஞ்சிய மட்டும் காட்டுவேன்" என்கிறாள். அவளுக்குக் குதிரை என்றால் தும்மல் வருகிறது. பாவம், காதல் வசனம் பேசும்போது குதிரையைப் பக்கத்தில் நிறுத்திவிடுகிறார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்து, பேசி முடித்த பிறகு மொத்தமாகத் தும்முகிறாள்.

வெள்ளைக்காலியைத் தலைத்துணி கட்டி ஏமாற்றாதீர்கள். காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுங்கள். அண்ணிக்கு ரகியாவிடம் கேட்டு ஒரு வாசனை சோப்பு அனுப்புகிறேன், கோபம் ஆறட்டும்.

சல்கினாய்

*

மேய்ச்சல் மேடு,
ஜூன் 27

சல்கினாய்க்கு,

உன் கடிதத்தை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன், அண்ணிக்குப் படித்துக் காட்டினேன், பக்கத்து மேட்டிலிருந்து கடன் கேட்க வந்தவனுக்கும் படித்துக் காட்டினேன். தண்ணீர் வாளி இடத்தில் அண்ணன் சிரித்துச் சிரித்து, குடித்துக்கொண்டிருந்த குமிஸ், அந்தப் புளித்த குதிரைப் பால், புரையேறிவிட்டது. "பேரும் புகழும் வந்தப்புறமும் உருளைக்கெழங்கு சீவுறான்னா அவன் வளப்பு நல்ல வளப்பு" என்றார். சோப்பு வந்து சேர்ந்தது. அண்ணி அதைக் குளிக்க எடுக்கவில்லை, துணிப் பெட்டிக்குள் வைத்து மோந்து பார்க்கிறார்.

ஆனால் அடையாளம் தெரியாது என்று எழுதினாயே, அது எனக்குக் கோபம். எனக்கா தெரியாது? தாடி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? குதிரையில் அவர் உட்காருகிற உட்காரலைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். தூரத்தில் ஒரு புள்ளியாக வந்தாலும் இவர்தான் கெரிம்குல் என்று சொல்லிவிடுவேன். பத்திரிகையிலிருந்து கிழித்த படத்தைக் கூடாரத்தில் உன் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வா. குதிரையைப் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதவில்லை! அவர் என்ன குதிரை ஓட்டுகிறார்? கடிவாளத்தை ஒரு கையால் பிடிக்கிறாரா, இரண்டாலுமா? கணவாய்ப் பாய்ச்சலை உன் கண் முன்னால் செய்துகாட்டினாரா? நீ குதிரைக்காரி. மற்றவர்கள் பார்க்காததை நீ பார்ப்பாய். அதைத்தான் நான் கேட்கிறேன், நீ பல்லையும் பஞ்சையும் எழுதுகிறாய்.

ஜபார்

*

படப்பிடிப்பு முகாம்,
ஜூலை 3

என் வீட்டுக்காரருக்கு,

குதிரையைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். அதற்கு என்னால் பதில் எழுத முடியாது. ஏன் முடியாது என்றும் எழுத முடியாது. ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். இதனால் காலையில் எனக்கு ஒரு வேலை கூடியிருக்கிறது, வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும்.

அதற்குப் பதிலாக நேற்று நடந்ததைச் சொல்கிறேன். கீழ்க் கிராமத்திலிருந்து ஒரு கிழவி கழுதையில் வந்தாள். நேரே கெரிம்குல் அண்ணனிடம் போனாள். கைத்தடியால் முழங்காலில் ஒரு போடு போட்டாள். எல்லாரும் பதறிவிட்டோம். "ஏன்டா, அந்தப் பொண்ண ஆத்தங்கரையில விட்டுட்டுப் போனியே, உனக்கு மனசு இருக்கா? நெறமாசம்டா அவளுக்கு! ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமே இல்ல" என்று கத்தினாள். ஏதோ பழைய படத்தில் அவர் மனைவியை விட்டுப் போய்விடுவாராம். எனக்கு அந்தப் படம் தெரியாது, உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இது சினிமா அம்மா, பொய் என்று சொல்ல உதவி இயக்குநர் ஓடினார். அண்ணன் கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டார். முழங்காலைத் தேய்த்துக்கொண்டே குனிந்து, "தப்புதான் அம்மா. புத்தி கெட்டுப் போச்சு. இனிமே விட்டுட்டுப் போக மாட்டேன்" என்றார். கிழவி ஒரு நிமிஷம் முறைத்தாள். பிறகு பையிலிருந்து பாலாடைக்கட்டி உருண்டைகளை எடுத்து அவர் கையில் திணித்து, "அவளுக்கும் குடு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவரும் பாதியை ரகியாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தப் படத்தில் நடித்தது ரகியாவே இல்லை. இருந்தாலும் கொடுத்தார்.

பொய்யென்று ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டேன். "அவ்வளவு தூரம் கழுதையில வந்தவங்ககிட்ட வெறுங்கையோட திரும்பிப் போன்னு சொல்ல முடியுமாம்மா?" என்றார்.

எனக்கு இங்கே எல்லாம் பிடித்திருக்கிறது. இரவில் மட்டும் உங்கள் குறட்டை இல்லாமல் தூக்கம் சரியாக வரவில்லை. இதை யாருக்கும் படித்துக் காட்டாதீர்கள்.

சல்கினாய்

*

மேய்ச்சல் மேடு,
ஜூலை 9

சல்கினாய்,

தோரோன்பெக் நேற்று லாரியில் வந்தான். அண்ணன் அண்ணி எல்லார் முன்னிலையிலும் சொன்னான். சூரியன் உதிக்கிற நேரத்தில் நீயும் அந்தக் கெரிம்குலும் குன்றுக்குப் பின்னால் போனீர்களாம். தனியாக. ஒரு நாள் இல்லை, தினமும். அவன் சக்கரம் மாற்ற வண்டியை நிறுத்தியபோது பார்த்தானாம். அந்த ஆளின் கை உன் தோளில் இருந்ததாம்.

அண்ணி உடனே, "லாரிக்காரன் வாய நம்பாத" என்றார். அவரே அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் கேவலமாக இருந்தது. என்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார்கள்.

காலையில் ஒரு வேலை கூடியிருக்கிறது என்று எழுதினாய். வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றும் எழுதினாய். நான் அதைப் பெருமையாகப் படித்துக் காட்டிய மடையன்.

அங்கே உனக்கு என்ன வேலை? அதை எழுது. வாக்கு, கீக்கு எல்லாம் எனக்கு வேண்டாம். நான் உன் புருஷன். எழுத முடியாது என்றால் வெள்ளிக்கிழமை லாரியில் ஏறி வந்துவிடு. அதுவும் முடியாது என்றால் நான் கூப்பிடும்வரை வராதே.

ஜபார்

*

படப்பிடிப்பு முகாம்,
ஜூலை 13

தோரோன்பெக் பார்த்தது உண்மை. நாங்கள் குன்றுக்குப் பின்னால் போவது உண்மை. தினமும் போவது உண்மை. அவர் என் தோளைப் பிடித்தது உண்மை. அதில் தப்பு ஒன்றும் இல்லை என்பதும் உண்மை. முதல் நான்கை நம்பிவிட்டு ஐந்தாவதை மட்டும் நம்ப மாட்டேன் என்றால் அது உங்கள் இஷ்டம்.

வெள்ளிக்கிழமை நான் லாரியில் ஏறப்போவதில்லை. கடைசிக் காட்சி பாக்கி இருக்கிறது, அதை நடுவில் விட்டு வந்தால் ஒருவருடைய மானம் போய்விடும். அவர் பெயரைச் சொன்னால் காரணம் சொன்ன மாதிரி, காரணம் சொன்னால் வாக்கை மீறின மாதிரி. நாளைக்கு நீங்கள் என்னிடம் ஒரு ரகசியம் சொன்னால் அதையும் இப்படித்தான் காப்பாற்றுவேன்.

காரணம் தெரியாமல் என்னை நம்ப முடியுமா? நான் கேட்பது இது ஒன்றுதான். முடியும் என்றால் ஒரு வரி எழுதுங்கள். முடியாது என்றால் எழுதவே வேண்டாம்.

சல்கினாய்

*

மேய்ச்சல் மேடு,
ஜூலை 22

என் சல்கினாய்க்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருந்தேன். ஏன் என்று கேட்காதே, மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இப்போது எழுதுவதைக் கவனமாகப் படி. படித்துவிட்டுச் சிரி.

போன ஞாயிறன்று கணவாய்ப் பக்கம் கல்மழை. அது விட்டும் விடாமலும் இருக்கும்போது நாய் குரைத்தது. வெளியே வந்து பார்த்தேன். ஒரு குதிரை இறங்கி வருகிறது. அதன்மேல் ஒரு ஆள். உட்கார்ந்திருக்கிறான் என்று சொல்ல மாட்டேன், கழுத்தைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறான். காயம்பட்டவன் போலிருக்கிறது என்று ஓடிப்போய்ப் பிடித்தேன். அப்படியே மாவு மூட்டை மாதிரி என் கையில் சரிந்தான். நிற்க வைத்தால் கால் இரண்டும் வளைந்து நிற்கிறது. தொடை இரண்டும் தோல் உரிந்து கிடந்தது.

யார், எவர் என்று நான் கேட்கவில்லை. வாசலுக்கு வந்தவன் பசியாறுவதற்குள் பெயர் கேட்கிறவன் நம் மேட்டில் யாராவது உண்டா? கூடாரத்துக்குள் கூட்டிப் போய், வாசலுக்கு எதிரே விருந்தாளிக்கான மேல் இடத்தில் உட்கார வைத்து, என் அங்கியைப் போர்த்தினேன். அண்ணன் ஒரு கிடாயைப் பிடித்தார். அண்ணி அடுப்பை மூட்டினார். தொடைக்குப் போட ஆட்டு வால் கொழுப்பை உருக்கிக் கொடுத்தேன். குதிரை ஏறத் தெரியாத மனுஷனை நான் அன்றுதான் பார்க்கிறேன். மாவட்டத்திலிருந்து குமிஸ் கணக்குப் பார்க்க அனுப்பப்பட்ட யாரோ அதிகாரி என்று முடிவுகட்டினேன். ஆள் மெலிந்து, தலை மழித்து, மெல்லிய குரலில் பேசினார். எதற்கெடுத்தாலும் நன்றி சொன்னார்.

கறி வெந்துகொண்டிருந்தபோது அவர் கண் சுவரில் போய் நின்றது. உன் கண்ணாடிக்குப் பக்கத்தில் கெரிம்குல் படம் இருந்ததே, அதை நான் முகம் கம்பளிப் பக்கமாகத் திருப்பி மாட்டியிருந்தேன்.

"அது யாரு படம்?" என்றார்.

"அது ஒரு நாய்ங்க" என்றேன்.

"அப்பிடியா? என்ன பண்ணுச்சு?"

அவ்வளவுதான் கேட்டார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உன்னைப் பற்றி, குன்றைப் பற்றி, தோளைப் பற்றி. சினிமாக்காரனை நம்பி அனுப்பின என்னைப் பற்றி. கொஞ்சம் அழுதும் விட்டேன். அவர் முழுவதையும் கேட்டார். கடைசியில், "அவன் இங்க வந்தா என்ன செய்வீங்க?" என்றார்.

"இந்தக் கத்திய பாத்தீங்களா?" என்று கறி வெட்டுகிற கத்தியைக் காட்டினேன்.

"மொதல்ல சோறு போடுவீங்களா, இல்ல நேரா கத்திதானா?"

"வந்தவன் பசியோட வந்தா போட்டுத்தானே ஆவணும். சாப்ட்டு முடிக்கட்டும், பொறவு பாத்துக்கறேன்."

"அப்ப சாப்டுறவரைக்கும் அவனுக்கு ஒண்ணும் ஆவாது?"

"ஒண்ணும் ஆவாது. அதுவரைக்கும் பேருகூடக் கேக்க மாட்டேன்."

கறி வந்தது. சல்கினாய், அந்த மனுஷன் சாப்பிட்ட சாப்பாடு! பெரிய விருந்தாளிக்கு வைக்கிற கிடாய்த் தலையை அவர் முன்னால் வைத்தோம், சாப்பிட்டார். முதுகுக் கறி, சாப்பிட்டார். "இன்னும் கொஞ்சம் இருக்குமா?" என்றார். கொடுத்தோம். சூப் குடித்தார். பொரித்த மாவுத்துண்டுகளை ஒவ்வொன்றாக, தாயம் ஆடுகிறவன் காய் நகர்த்துகிற மாதிரி எடுத்தார். அண்ணனும் அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முகத்தில் வேர்வை. இவ்வளவு ஒல்லியான உடம்பில் இதெல்லாம் எங்கே போகிறது என்று எனக்கு ஒரே ஆச்சரியம். போதும் என்று அவர் கிண்ணத்தைக் கவிழ்த்து வைப்பார் என்று பார்த்தேன், வைக்கவே இல்லை.

ஒருவழியாகக் கையைத் துடைத்தார். நான் மரியாதையாகக் கேட்டேன்: "சரிங்கண்ணே, எந்த ஊரு, யாரு வீட்டுப் புள்ள?"

"இன்னொரு கிண்ணம் டீ கெடைக்குமா?" என்றார்.

அண்ணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஊற்றினார். அதையும் குடித்தார். பிறகு கத்தியை எடுத்துத் தன் பின்னால் வைத்துக்கொண்டு, "தம்பி, என் பேரு கெரிம்குல்" என்றார்.

நான் நம்பவில்லை. கெரிம்குல் குதிரையிலேயே பிறந்தவர், இவர் குதிரையில் தொங்கிக்கொண்டு வந்தவர் என்றேன். "அதத்தாம்ப்பா உங்க வீட்டம்மா யாருக்கும் சொல்லாம வச்சிருக்காங்க" என்றார். அப்பா ரயில்வேயில் வேலை, தண்டவாளத்துப் பக்கம் வளர்ந்த பிள்ளை, குதிரையைக் கண்டால் பத்தடி தள்ளியே நிற்பாராம். படங்களில் முகம் தெரிகிற காட்சியில் அவர் உட்கார்ந்திருப்பது லாரிக்குப் பின்னால் கட்டின பீப்பாயில். தூரத்தில் பாய்வது வேறு ஆள். இந்தத் தடவை இயக்குநர் முகம் தெரிய ஒரே ஓட்டமாகக் குதிரையில் வந்து நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஊரே மாவீரன் என்கிறது, எனக்குத் தெரியாது என்று எந்த வாயால் சொல்வது? ஓட்டக் கற்றுக்கொடு, யாரிடமும் சொல்லாதே என்று உன் காலில் விழாத குறையாகக் கேட்டாராம். தோளில் கை வைத்தது இறங்கத் தெரியாமல்.

"மூணு நாளா அந்தப் பொண்ணு குதிரைகிட்ட மட்டுந்தான் பேசுது. மனுஷங்ககிட்ட பேசல. லாரிக்காரன்கிட்ட விசாரிச்சேன், பெருமையாச் சொன்னான். என் மானத்தக் காப்பாத்த அது வாழ்க்கைய கெடுத்துக்கணுமா? அதான் யாருகிட்டயும் சொல்லாமக் கெளம்பி வந்துட்டேன். நடந்து வந்திருக்கலாம். ஆனா நடந்து வந்தா நீங்க என்ன நம்பியிருக்க மாட்டீங்க."

மழை விட்டதும் அவரை வெளியே கூட்டிப் போய், நம் கிழட்டுச் சாம்பல் குதிரையில் ஏறச் சொன்னேன். வலது பக்கமாக ஏறினார்! நம் மேட்டுக் குழந்தைகூட இடது பக்கமாகத்தானே ஏறும், சல்கினாய்! அது தும்மினதற்கு அம்மா என்று கத்தினார். இப்படி யாராலும் நடிக்க முடியாது. எனக்கு அப்படியே நெஞ்சு லேசாகிவிட்டது. மண்ணில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன், அவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஓரப் பல் இல்லை.

மறுநாள் நானும் கூடவே போய்க் கணவாய் தாண்டி விட்டு வந்தேன். கால் வைக்கிற அங்கவடியின் வாரை ஒரு துளை ஏற்றிக் கட்டினேன், முதுகைத் தளர்த்தச் சொன்னேன், கடைசி இறக்கத்தில் தனியாகவே வந்தார். என்ன மனுஷன்! கர்வம் என்பது மருந்துக்குக்கூட இல்லை. அண்ணிக்கு விறகு பிளந்து கொடுத்திருக்கிறார். படத்தைத் திருப்பி மாட்டி அவரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டேன், "கத்தியை மறைத்து வைக்காத ஜபாருக்கு" என்று எழுதியிருக்கிறார்.

ஆக எல்லாம் தெளிவாகிவிட்டது. இனி ஒரு கவலையும் இல்லை. எப்போது வருகிறாய்?

ஜபார்

*

படப்பிடிப்பு முகாம்,
ஜூலை 26

என் வீட்டுக்காரருக்கு,

கெரிம்குல் அண்ணன் நேற்று அந்தக் காட்சியைச் செய்துவிட்டார். தூரத்திலிருந்து வந்து, முகம் தெரிய, ரகியாவின் முன்னால் குதிரையை நிறுத்தினார். இரண்டு கையாலும் கடிவாளம் பிடித்தார், இருந்தாலும் நிறுத்தினார். இயக்குநர் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். இறங்கியதும் என்னிடம் வந்து, "ஜபார் ஒரு துளை ஏத்திக் கட்டினதுதான் காரணம்" என்று சொன்னார். உங்களைப் பற்றி எல்லாரிடமும் நல்லவிதமாகத்தான் சொல்கிறார்.

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரிக்கச் சொன்னீர்கள். சிரித்தேன். சாப்பிட்டுக்கொண்டே இருந்த இடத்தில் ரகியாவுக்கும் படித்துக் காட்டினேன். பிறகு கூடாரத்துக்குள் போய்ப் படுத்து அழுதேன்.

அவர் நல்லவர், எனக்கு அதில் சந்தேகம் இல்லை. அதை முதலில் உங்களுக்கு எழுதியதே நான்தான். ஆனால் நான் எழுதி நீங்கள் நம்பாததை அவர் வந்து சொன்னதும் ஒரே மாலையில் நம்பிவிட்டீர்கள். அவர் குதிரையிலிருந்து விழுந்திருக்காவிட்டால்? கொஞ்சம் நன்றாக ஓட்டத் தெரிந்திருந்தால்? அப்போது நான் யார்? எல்லாம் தெளிவாகிவிட்டது என்று எழுதுகிறீர்கள். தெளிவான பிறகு நம்புவதற்கு நான் எதற்கு? நான் கேட்டது தெளியாதபோது ஒரு வரி.

இன்னொன்று. யாரென்று தெரியாத ஒரு ஆள் நனைந்து வந்தார். அவரை மேல் இடத்தில் உட்கார வைத்தீர்கள், அங்கியைப் போர்த்தினீர்கள், கிடாய் வெட்டினீர்கள். வயிறு நிறைகிறவரை பெயர்கூடக் கேட்கவில்லை. உங்கள் மனைவியிடம் மட்டும் உடனே கேட்டீர்கள், அங்கே உனக்கு என்ன வேலை என்று. நான் சாப்பிட்டேனா, தூங்கினேனா, எதுவும் கேட்கவில்லை. முன்பின் தெரியாதவனுக்கு இருக்கிற மரியாதை என் வீட்டில் எனக்கு இல்லையா?

படப்பிடிப்பு வெள்ளிக்கிழமை முடிகிறது. எல்லாரும் பிரூன்ஸே நகரத்துக்குக் கிளம்புகிறார்கள். அடுத்த படத்துக்கும் குதிரை ஓட்டப் பெண் வேண்டுமாம், என்னையும் வரச் சொல்கிறார்கள். ரகியா தன் வீட்டிலேயே தங்கிக்கொள் என்கிறாள். போவதா, வீட்டுக்கு வருவதா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

சல்கினாய்

*

ஆற்றின் இக்கரை,
வெள்ளிக்கிழமை காலை

சல்கினாய்க்கு,

உங்கள் முகாம் இங்கிருந்து தெரிகிறது. லாரிகளில் சாமான் ஏற்றுகிறார்கள். நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியவில்லை. உள்ளே வர எனக்குத் தைரியம் இல்லை, சமையல்கார அம்மாவிடம் இந்தத் தாளைக் கொடுத்தனுப்புகிறேன். எழுதப் பலகை இல்லை, சேணத்தின் மேல் வைத்து எழுதுகிறேன், கோணல்மாணலாக இருந்தாலும் படித்துக்கொள்.

நீ எழுதியது எல்லாம் சரி. அண்ணனிடம் படித்துக் காட்டவில்லை, யாரிடமும் காட்டவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. உன்னைச் சந்தேகப்பட்டதைவிட, தெளிந்துவிட்டது என்று உனக்கே சந்தோஷமாக எழுதினேன் பார், அதற்கு.

நீ பிரூன்ஸே போகிறாயா, வீட்டுக்கு வருகிறாயா என்று நான் கேட்கவில்லை. எதுவும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று தவிர.

சாப்பிட்டாயா?

ஜபார்

*

(அதே தாளின் பின்பக்கம்)

இன்னும் இல்லை. என்ன கொண்டுவந்திருக்கிறீர்கள்?